பிறர் ஏட்டில் எழுதிய ஜீவியம்

பிரஜாவுரிமை விண்ணப்பம் தயாரிப்பதை வெறும் குமாஸ்தா வேலையென்று கருதுவோர் நம் தொழிலுக்குள்ளேயே அநேகர் உண்டு. காணி வழக்கிலும் கொலை வழக்கிலும் மன்றத்தில் எழுந்து நின்று வாதாடுவதில் உள்ள கீர்த்தி, ஒரு தோட்டத் தொழிலாளியை எதிரே அமர்த்திக்கொண்டு, அவன் எந்த வருஷத்தில் எந்தத் தோட்டத்து லயத்தில் குடியிருந்தான் என்று பொறுமையாகக் கேட்டு எழுதுவதில் இல்லை என்பது அவர்கள் எண்ணம். இலங்கை மலைநாட்டில் ஆயுளின் பெரும்பகுதியை இந்த வேலையிலேயே கழித்த நான், இதைக்காட்டிலும் நுட்பமும் பொறுப்பும் மிகுந்த வேறொரு கிளை நியாயவாதத்தில் இருப்பதாக அறியேன். காணி வழக்கில் தோற்றவன் ஒரு துண்டு நிலத்தை இழப்பான். இங்கே தோற்றவனோ தன் காலடியில் இருக்கும் தேசத்தையே இழப்பதோடு, இன்னும் பிறவாத பேரப்பிள்ளைகளின் உரிமையையும் சேர்த்து இழந்துவிடுகிறான்.

இந்த வேலைக்கு அவசியம் நேர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுதந்திரம் வந்த அதே வருஷத்தில் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அதற்குமுன் இந்நாட்டில் பிறந்த ஒருவன் வமிசாவளிப் பிரஜையாவதற்கு, அவனுடைய தகப்பன் இங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது தகப்பனுடைய தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்கவேண்டும் என்று விதித்தது. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தென்னாட்டிலிருந்து வந்து காடு வெட்டிய மக்களின் சந்ததியாரில் எத்தனை பேரால் தகப்பனின் பிறப்பை ஒரு பத்திரத்தைக் காட்டி நிரூபிக்க முடியும்? அவர்களுக்கென மறுவருஷம் வந்த 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம் வேறொரு வாசலைத் திறந்தது. ஆனால் அந்த வாசலின் நிலை மிகவும் தாழ்வாக இருந்தது. 1946 ஜனவரி முதல் தேதியில் விவாகமானவராக இருந்தோர் அதற்கு முந்திய 7 வருஷங்களும், விவாகமாகாதவரும் துணையை இழந்தவரும் முந்திய 10 வருஷங்களும் இந்நாட்டில் இடையறாது வாசம் செய்திருக்கவேண்டும். அவ்வாசம் விண்ணப்பத் தேதிவரை தொடர்ந்திருக்கவேண்டும். ஒரே பயணத்தில் 12 மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். கைம்பெண் என்ற காரணத்தினாலேயே ஒருத்தி சுமங்கலியைவிட மூன்று வருஷம் அதிகமாக நிரூபிக்கவேண்டியிருந்ததை இன்று நினைத்தாலும் என் மனம் ஆறுவதில்லை.

முதலில் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்த இலங்கை இந்தியர் காங்கிரஸ் பின்னர் நிலையை மாற்றிக்கொள்ள, 1951 ஆகஸ்டு 5ஆம் தேதியென்ற கெடு நெருங்கிய மாதங்களில் மக்கள் வெள்ளமெனத் திரண்டு மனுக் கொடுத்தார்கள். மொத்தம் 2,37,000 விண்ணப்பங்கள். அவற்றில் அடங்கியவர்கள் எட்டு லக்ஷத்துக்கும் அதிகம். அவர்களில் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு மட்டுமே. விசாரணைகள் பத்து வருஷத்துக்கு மேலும் நீடித்தமையால், ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஹட்டனில், பிரக்கிராசி என்று அந்நாளில் அழைக்கப்பட்ட மூத்த நியாயவாதி ஒருவரிடம் உதவியாளனாகச் சேர்ந்த எனக்கும் அவற்றில் பங்கு கிடைத்தது.

அவரிடமிருந்து நான் கற்ற முதற்பாடம், ஏழையின் கையில் அத்தாட்சி இருக்காது, ஆனால் அத்தாட்சி எங்கேனும் இருந்தே தீரும் என்பதுதான். தன்னைப்பற்றித் தானே எழுதிவைத்துக்கொள்ளும் வசதி தொழிலாளிக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அவனைப்பற்றிப் பிறர் தத்தம் காரியத்துக்காக எழுதிவைத்தவை மாத்திரம் உண்டு. கூலி கணக்கிடத் தோட்டத்து ஆபீஸ் அவன் பெயரைச் செக்ரோலில் பதிந்தது. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்தவர்கள் அவனுடைய ஊரையும் வயதையும் குறித்தார்கள். யுத்தகாலத்தில் அரிசி பங்கிட்டவர்கள் 1942 முதல் கூப்பன் புத்தகத்தில் குடும்பத்துத் தலைகளை எண்ணினார்கள். தோட்டப் பாடசாலையின் இடாப்பு அவன் மகனைத் தகப்பன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. தோட்டம் மாறும்போது பெற்ற பற்றுச்சீட்டு, பிரசவமானபோது துரை மாவட்டப் பதிவாளருக்கு அனுப்பிய அறிக்கை, டிஸ்பென்சரியின் புத்தகம், ஈடுவைத்த நகைக்கு அடகுகடைக்காரர் எழுதிய சீட்டு ஆகிய இவை யாவும் அவனுடைய ஜீவியத்தின் சிதறிய ஏடுகள். எந்த வருஷத்து ஏடு யாரிடம் கிடைக்கும் என்பதை அறிந்து, தேடி எடுத்து, காலவரிசைப்படி கோத்து, நடுவில் இடைவெளி விழுந்த இடத்தை அறிந்தவர்களின் சத்தியக் கடதாசியால் இணைப்பதே எங்கள் வித்தை. சட்டப் புத்தகத்திலிருந்து அறியவேண்டியது இதில் கால் பங்குகூட இல்லை. தோட்டத்தின் நிர்வாகம் எப்படி நடக்கிறது, எந்த ஆபீஸில் பழைய ஏடுகளைப் பத்திரப்படுத்துவார்கள், எங்கே கறையானுக்கு விட்டுவிடுவார்கள் என்பதையெல்லாம் கணக்கப்பிள்ளைமாரிடமிருந்தே கற்றுக்கொண்டேன்.

இவற்றிலெல்லாம் கடினமானது, காலத்தை நிர்ணயம் செய்வது. எங்களிடம் வந்த மக்கள் வருஷத்தை எண்ணால் அறியாதவர்கள். ஆனால் அவர்களுடைய ஞாபகம் பலவீனமானதென்று எவரேனும் சொன்னால் ஒப்பமாட்டேன். திம்புளைப் பகுதித் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த ஒரு கைம்பெண்ணிடம், எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் அம்மா என்று கேட்டபோது, அவள் சிறிதும் தயங்காமல், "வருசமெல்லாம் எனக்கு என்னாங்கய்யா தெரியும்? மூத்தவ பொறந்தப்ப பழைய பெரியதொரை சீமைக்குப் போயிட்டு, இப்ப போனாரே அந்தத் தொரை புதுசா வந்தாரு. ரெண்டாமவன் வயித்துல இருந்தான், கொழும்புல குண்டு போட்டாங்க. அவன் நடக்கப் பழகுறதுக்குள்ள அவுக அப்பன் போய்ச் சேந்துட்டாரு," என்றாள். சாதாரண மனுவெழுத்தர் இதைக் கேட்டுச் சலித்துக்கொள்வார். ஆனால் கொழும்பில் ஜப்பானியர் குண்டு வீசியது 1942 ஏப்ரல் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை. பெரியதுரைமார் எந்த வருஷம் எந்தத் தோட்டத்துக்கு அதிபதியாக இருந்தார்கள் என்பதோ, தோட்டங்களின் விஸ்தீரணத்தோடு பெர்குசன் டைரக்டரியில் அச்சாகியிருக்கிறது. துரைமாருடைய வசதிக்காக வெளியான அந்தப் பெரும் புஸ்தகத்தின் இரண்டு மூன்று பழைய பதிப்புகளை எங்கள் காரியாலய அலமாரியில் வைத்திருந்தோம். அவற்றைப் புரட்டிப் பார்த்தபோது அவள் சொன்ன துரைமாற்றம் அவளுக்கு வேண்டிய 1936 ஜனவரிக்கு முற்பட்டதாகவே நின்றது. மகளுடைய பிறப்புப் பதிவை அந்தத் தேதியை வைத்துத் தேடியதும் அகப்பட்டது. கேள்வி கேட்கிறவன் தன் பஞ்சாங்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவர்களுடைய பஞ்சாங்கத்துக்குள் பிரவேசிக்கச் சித்தமாயிருந்தால், விடை அநேகமாகக் கிடைத்துவிடும்.

பெயர்களால் விளைந்த சங்கடமும் அற்பமானதன்று. ஒரே தோட்டத்தில் பல ராமாயிகளும் பல மூக்கன்களும் இருப்பார்கள். செக்ரோலில் கருப்பாயி என்றிருப்பவள் கூப்பனில் கருப்பம்மாள் ஆகியிருப்பாள். தமிழ்ப் பெயரை இங்கிலீஷில் எழுதிய ஒவ்வொரு குமாஸ்தாவும் தனக்கு இஷ்டமான எழுத்துகளைக் கூட்டியிருப்பார். விசாரணை உத்தியோகஸ்தருக்கு இவை இரண்டு மூன்று வெவ்வேறு மனிதராகத் தோன்றும். எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிப்பன என்று அத்தோட்டத்திலேயே நீண்டகாலம் வசித்த இரு முதியவர்களைக்கொண்டு சத்தியப்பிரமாணம் செய்வித்து, தகப்பன் பெயர், கங்காணியின் பெயர், லயத்து இலக்கம் ஆகியவற்றை அதில் சேர்த்துவிடுவதை நியமமாகக் கொண்டிருந்தோம்.

ஏடுகளைத் தேடும்போது மனுதாரருக்குச் சாதகமானவை மட்டுமே அகப்படும் என்று எதிர்பார்க்கலாகாது. ஊரிலிருந்த தாய்க்கு மாதம் ஐந்தோ பத்தோ ரூபாய் மணியார்டர் அனுப்பிய ரசீதை, ஒருவன் தன் நல்லொழுக்கத்துக்கு அத்தாட்சியாகப் பெருமிதத்தோடு கொண்டுவந்து கொடுப்பான். அதே ரசீது, அவனுடைய சிந்தை முழுவதும் இந்தியாவிலேயே இருக்கிறது, இந்நாட்டில் ஸ்திரமாகக் குடியிருக்கும் நோக்கம் அவனுக்கு இல்லை என்று வாதிக்க மறுபக்கத்துக்கு உதவும். பணம் அனுப்ப அநுமதி கேட்ட பாரத்தில், யாரோ ஒரு எழுத்தர் அவனைத் தற்காலிக வாசியென்று நிரப்பி, கைநாட்டும் வாங்கியிருப்பார். 1942இன் குண்டுவீச்சுப் பீதியில் குடும்பத்தோடு ஊருக்குப் போய், யுத்தகாலத் தடைகளால் குறித்த காலத்தில் திரும்ப முடியாமற்போனவர்களுக்கோ அந்த ஒரு பயணமே 12 மாதக் கணக்கை மீறிவிட்டது. இத்தகைய சந்தர்ப்பங்களில் பாதகமான காகிதத்தைக் கிழித்துவிடச் சொல்லும் ஆலோசகர்கள் எங்கள் பட்டணத்திலேயே இருந்தார்கள். மறைக்கப்பட்ட காகிதத்தின் மறுபிரதி ஏதேனும் ஓர் அரசாங்கக் கோப்பில் நிச்சயமாய் இருக்கும். விசாரணையில் அது வெளிப்பட்டவுடன் மனுதாரன் சொன்ன மெய்யெல்லாம்கூடப் பொய்யாகிவிடும். ஆகவே அதை நாமே முன்வைத்து, மகன் தாய்க்குச் சோறு போடுவது தேசத்தைத் துறப்பதாகாது என்றும், எழுத்தறியாதவன் பெருவிரல் பதித்த வாசகத்தை அவனுடைய சுயவாக்குமூலமாகக் கொள்வது நியாயமாகாது என்றும் எடுத்துரைப்பதே சரியான மார்க்கம். விண்ணப்பத்தை விசாரிக்கும் பிரதி ஆணையாளர் செவிசாய்க்காவிட்டால் மூன்று மாதத்துக்குள் உயர்நீதிமன்றத்துக்கு அப்பீல் செய்யச் சட்டம் இடமளித்தது. அதற்கான செலவை ஏற்க எத்தனை குடும்பங்களால் இயலும் என்பது வேறு விஷயம்.

தரகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஒரு நாளில் ஒரு லயம் முழுவதற்கும் பாரம் நிரப்பிக் காசு வாங்கிச் சென்றவர்களின் விண்ணப்பங்களில் எல்லோரும் ஒரே தேதியில் வந்திருப்பார்கள், ஒரே காரணத்தைச் சொல்லியிருப்பார்கள். விசாரணையில் கேள்வி எழுந்ததும், தன் மனுவில் எழுதியிருப்பது இன்னதென்றே அறியாத மனிதன் திகைத்து நிற்பான். அந்தத் திகைப்பு அவனுக்கு எதிரான சாட்சியமாகக் குறிக்கப்படும். நான் எழுதியதை ஒவ்வொருவருக்கும் உரக்கப் படித்துக்காட்டி, அவர் தம் வாயால் மறுபடி சொல்லக் கேட்டபின்னரே கையொப்பம் பெறுவது என்ற விரதத்தைக் கடைசிவரை விடவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் எங்கள் வேலையின் தன்மையையே மாற்றிவிட்டது. பிரஜாவுரிமையற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் விதி பிற்பாடு தீர்மானிக்கப்படும் என்று எழுதப்பட்டது; 1974இல் அந்த மிச்சத்தையும் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அதற்குமுன் ஒருவருக்கு உரிமை உண்டா என்று நிரூபிப்பதே எங்கள் கடமையாயிருந்தது. இப்போதோ இரு தேசங்களில் எதற்கு விண்ணப்பிப்பது என்று மக்கள் எங்களையே கேட்டார்கள். "நீங்க எங்க போடச் சொல்றீங்களோ அங்க போடுறேங்கய்யா" என்று கைகூப்பி நின்றவர்களிடம், முடிவு உங்களுடையது என்று சொல்வது இரக்கமற்றதாகத் தோன்றலாம்; எனினும் ஒரு மனிதன் எந்த மண்ணில் வாழ்ந்து மடிவது என்பதை அவனுடைய நியாயவாதி தேர்ந்து கொடுக்கலாகாது என்பதே அன்றும் இன்றும் என் அபிப்பிராயம். இரு பக்கத்து நிலைமையையும், எனக்குத் தெரிந்தமட்டில் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி, வீட்டுக்குப் போய்ப் பெண்டுபிள்ளைகளோடு கலந்து பேசி வரும்படி அனுப்பிவைப்பேன். தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களில், தகப்பன் அக்கரைக்கும் விவாகமான மகள் இக்கரைக்குமாகப் பிரிந்தவை ஏராளம்.

1984இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, தேயிலைக் கொழுந்து பறித்தபடியே இங்கேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. 1988இன் 39ஆம் இலக்கச் சட்டம், இந்தியாவுக்கு விண்ணப்பிக்காத நாடற்றோர் பிரஜைகளே என்று ஏற்றுக்கொண்டது; அந்நாட்களில் சத்தியக் கடதாசி முடிப்பதற்காகச் சமாதான நீதவான்களின் வாசலில் கூட்டம் நின்றது. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வசிப்பவரும் அவருடைய சந்ததியாரும் பிரஜைகள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அதைத் துறப்பதாக ஒரு பிரகடனம் எழுதிக்கொடுத்தால் போதும். அரசாங்கமும் ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகமும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து தோட்டந்தோறும் நடத்திய முகாம்களில் பத்தே நாட்களில் 1,90,000க்கும் மேற்பட்டோர் பதிவுபெற்றார்கள். முதுமையில் இருந்த நானும் அம்முகாம்கள் சிலவற்றில் அமர்ந்து பாரம் நிரப்பினேன். செக்ரோலும் பற்றுச்சீட்டும் பெர்குசன் டைரக்டரியும் தேவைப்படாத அந்த மேசையில், ஒரு குடும்பத்தின் காரியம் அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. ஆயுள் முழுவதும் நான் பயின்ற வித்தையை அந்தச் சட்டம் அநாவசியமாக்கிவிட்டதைக் கண்டு நான் அடைந்த ஆனந்தம், மன்றங்களில் வென்ற எந்த வழக்கிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அரசாங்கம் மனம்வைத்தால் பத்து நாளில் நடக்கக்கூடிய காரியத்துக்கு ஐம்பத்தைந்து வருஷம் காத்திருந்து, காத்திருக்கும்போதே மாண்டவர்களை எண்ணினால் அந்த ஆனந்தத்தோடு கோபமும் கலந்துவிடுகிறது.

வேலை முற்றிலும் தீர்ந்துவிட்டதென்று நினைத்துவிடவேண்டாம். எண்பதுகளின் கலவரங்களிலும் யுத்தத்திலும் வடக்கிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஓடி, அங்குள்ள முகாம்களில் தங்கிவிட்ட மலைநாட்டு வமிசத்தார், நிரந்தர வாசம் என்ற நிபந்தனையால் வெளியே நின்றார்கள். 2009இல் வந்த திருத்தம் அவர்களுக்கும் இடமளித்தது. எனினும் இடம் இருப்பது வேறு, அதை எட்டுவது வேறு. முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பு, இலங்கைப் பிரதிநிதிக் காரியாலயத்தில் பதியப்பட்டிருக்கவேண்டும். பாட்டனார் 1964இல் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பது தெரியவேண்டும். தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையாகிப் பின்னர் கம்பெனிகளுக்குக் கைமாறியதில் அநேக ஏடுகள் போன இடம் தெரியவில்லை. முகாம்களிலிருந்து எழுதும் இளைஞர்களுக்கு நான் சொல்வது, வீட்டில் கிழவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களை உட்காரவைத்து, தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், துரைமார் பெயர், யார் பிறந்தபோது என்ன நடந்தது என்பதையெல்லாம் கேட்டுத் தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்பதே. அந்தக் குறிப்பு ஒன்று இருந்தால், எந்த மாவட்டப் பதிவகத்தில் எந்த வருஷத்துப் புத்தகத்தைப் புரட்டவேண்டும் என்று இங்கே இருக்கும் இளம் சட்டத்தரணி ஒருவருக்குச் சொல்லிவிட முடியும்.