அப்பாவின் மடக்குக் கத்தி

எங்கள் சின்னசேலம் பக்கம் அந்தக் காலத்துப் பெரியவர்கள் பலரிடம் சுருக்குப் பையில் வெற்றிலை பாக்கோடு ஒரு மடக்குக் கத்தியும் இருக்கும். பாக்கு சீவ, மூட்டைத் தையல் பிரிக்க, வேப்பங்குச்சி நறுக்க, பேரப்பிள்ளைக்குப் பென்சில் சீவ எல்லாவற்றுக்கும் அதுதான். பேனாக்கத்தி என்றும் சொல்வோம். வெள்ளைக்காரர்கள் இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த கத்தி. அதனால் வந்த பெயர்.

பெங்களூரில் இருக்கும் என் மகன் இப்படிப்பட்ட கத்திகளைச் சேர்க்கிறான். "ஏண்டா, காய் நறுக்க ஒன்று போதாதா?" என்று கேட்டேன். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். ஒற்றைக் கையால் திறப்பது ஒன்று. விரல் மேல் மடங்காமல் இருக்க வளையத்தைத் திருப்பிப் பூட்டும் பிரெஞ்சுக்காரர்களின் ஓப்பினல் ஒன்று. சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தியும் உண்டு. அந்த நாட்டு ராணுவத்துக்கு 1891-ல் கத்தி செய்து கொடுத்த கார்ல் எல்சனர், தன் தாய் விக்டோரியாவின் பெயரைக் கம்பெனிக்கு வைத்தாராம். துருப்பிடிக்காத எஃகு வந்த பிறகு 1921-ல் அதோடு 'இனாக்ஸ்' சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது. அம்மா பெயர் என்றதும் எனக்கு அந்தக் கத்தி மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

ஆனாலும் என் ஓட்டு பழைய இரும்புக்குத்தான். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும், புளி எலுமிச்சை பட்டால் கறுக்கும். அதனால் என்ன? துணி துவைக்கிற கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் பதம் வந்துவிடும். அப்பா தினத்தந்தி ஓரத்தைக் கிழித்துப் பார்ப்பார். சத்தமில்லாமல் அறுத்தால்தான் கத்தி பைக்குள் போகும். அவர் தீட்டித் தீட்டியே அலகு பாதியாய்த் தேய்ந்து போனது.

அவருக்குப் பிறகு முப்பது வருஷம் அது என் சட்டைப் பையில் இருந்தது. இப்போது வில் இறுக்கத்துக்கு என் கட்டைவிரல் நகம் ஈடுகொடுக்கவில்லை. மகன் கேட்டான். கண்ணாடிப் பெட்டியில் வைப்பதாக இருந்தால் தரமாட்டேன் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றான். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாதல்லவா, திண்ணையில் வைத்தேன், எடுத்துக்கொண்டான்.

போன வாரம் போன் செய்தான்.

"அப்பா, மாங்காய் நறுக்கினேன். அலகு கறுத்துப் போச்சு. தேய்க்கட்டுமா?"

"தேய்க்காதே. ஈரத்தைத் துடைச்சிட்டு, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு போடு" என்றேன்.