வன்கூவரில் வீழ்ந்தவர்

1954 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7 ஆம் திகதி, பிரித்தானியப் பேரரசு, பொதுநலவாய விளையாட்டு விழாவின் இறுதி நாளன்று, கனடாவின் வன்கூவர் நகர மைதானத்திற் குழுமியிருந்தோர் ஒரே பிற்பகலில் இரண்டு ஓட்டங்களைக் கண்டனர். முதலாவது ஒரு மைல் ஓட்டம். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைலை ஓடி முடித்த பெருமைக்குரிய றொஜர் பானிஸ்ரரும் ஜோன் லாண்டியும் அதிற் பொருதினர். முன்னணியில் வந்த லாண்டி இறுதி வளைவில் இடது தோளின் மேலாகத் திரும்பிப் பார்த்தார். அக்கணத்தில் பானிஸ்ரர் வலப்புறமாக அவரைக் கடந்து சென்றார். அந்த ஒரு கணத்தைப் பின்னாளிற் சிலையாகவே வடித்து வைத்தனர்.

அந்த ஆரவாரம் அடங்கிச் சில நிமிடங்களில் மரதன் ஓட்டத்தின் முதல்வராக இங்கிலாந்தின் ஜிம் பீற்றர்ஸ் மைதானத்தினுள் நுழைந்தார். அவருக்கும் அடுத்து வருபவருக்கும் இடையே ஏறத்தாழ 17 நிமிட இடைவெளி இருந்தது. எஞ்சிய தூரத்தை அவர் நடந்தே கடந்திருக்கலாம். ஆயினும் அவருடைய கால்கள் பின்னின. வீழ்ந்தார், எழுந்தார், மீண்டும் வீழ்ந்தார். ஏறத்தாழ 200 யார் தூரத்தைக் கடக்க 11 நிமிடம் சென்றது. மரதனுக்குரிய முடிவுக் கோடு இன்னும் அப்பால் இருக்கையில் அவரைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டு சென்றனர். ஸ்கொத்லாந்தின் ஜோ மக்கீ வெற்றி பெற்றார். பீற்றர்ஸ் அதன் பின்னர் எப்போட்டியிலும் ஓடவில்லை.

பீற்றர்ஸ் அனுபவமற்றவராக இருந்திருப்பின் இந்நிகழ்ச்சியிற் சிந்திப்பதற்கு அதிகமில்லை. ஆனால் 1953 இல் மரதன் தூரத்தை 2 மணி 20 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் அவரே. வன்கூவருக்குச் செல்வதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்கூடத் தமது சாதனையைத் தாமே முறியடித்திருந்தார். அன்று அவரிடம் இல்லாதிருந்தது பயிற்சியோ துணிவோ அன்று. அவ்விரண்டும் அளவுக்கு மிஞ்சியே இருந்தன. போட்டி நாளின் தவறுகளைச் சோம்பேறிகள் செய்வதில்லை என்பது இங்கே நோக்கற்பாலது. மாதக்கணக்காக வருந்தி உழைத்தவனே அவற்றைச் செய்கிறான். தொடக்கத்தில் அவனுடைய உடல் இலேசாக இருக்கிறது. அந்த இலேசை அவன் ஆற்றலென்று எண்ணிவிடுகிறான்.

இதற்கு முன்னறிகுறி 1952 இலேயே தென்பட்டது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10000 மீற்றர் ஓட்டங்களில் வென்றிருந்த செக்கோஸ்லவாக்கியரான எமில் சற்றோபெக், வாழ்வில் முதன்முறையாக மரதனில் இறங்கினார். இவ்வேகம் போதுமா என்று அவர் பீற்றர்ஸிடம் வினவியதாகவும், போதாது என்று பீற்றர்ஸ் விடையிறுத்ததாகவும் கூறுவர். எதிராளியைச் சோர்விக்கக் கூறிய சொல்லாயினும், அச்சொல்லுக்கு விலை கொடுத்தவர் அதைக் கூறியவரே. பீற்றர்ஸ் இடைவழியில் ஓட்டத்தைக் கைவிட்டார், சற்றோபெக் வென்றார். ஈரலிலும் தசைகளிலும் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோசன் ஓர் எல்லைக்குட்பட்டது. தொடக்கத்தில் வேகம் கூடுந்தோறும் அது விரைந்து கரைகிறது. அது தீரும் தறுவாயில், சுமார் 30 கிலோமீற்றருக்கு அப்பால், மனவுறுதி மாத்திரம் காலைத் தூக்கிவிடுவதில்லை.

வன்கூவரில் இதனோடு வெயிலும் சேர்ந்தது. நண்பகலுக்குப் பின்னர், கடும் வெப்பத்தில், 16 பேர் புறப்பட்டனர். 6 பேரே ஓடி முடித்தனர். பீற்றர்ஸ் தமது வழக்கமான வேகத்திலேயே புறப்பட்டார். அது மிகையான வேகம் என்பதைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். தாம் எவ்வளவு முன்னால் நிற்கிறார் என்பதையும் அவர் அறிந்திருக்கவில்லை. வீதியோரத்தில் நின்ற எவரேனும் அந்த 17 நிமிடத்தை உரத்துக் கூறியிருந்தால்?

நீர் விடயத்தில் மனிதர் இரு கரையிலும் மோதியுள்ளனர். ஓட்டத்தினிடையே நீரருந்துவது பலவீனமென்று அக்காலத்தவர் பலர் கருதினர். வன்கூவருக்கு மூன்று ஆண்டுகளின் பின், 1957 இல், பீற்றர்ஸ் பிறருடன் சேர்ந்து வெளியிட்ட நூல்கூட இயன்றவரை நீரின்றியே ஓட முயலுமாறு அறிவுறுத்தியது வியப்புக்குரியது. பின்வந்தோர் மறுகரைக்குச் சென்று, தாகமில்லாவிடினும் குடி என்றனர். 2002 ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் குருதி பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தமை 2005 இல் வெளியான ஆய்வொன்றில் அறியப்பட்டது. அளவிறந்து குடித்த நீர் குருதியை நீர்க்கச் செய்ய, மூளை வீங்குகிறது. அவ்வோட்டத்திலே 28 வயதுப் பெண்ணொருவர் இவ்வாறே உயிரிழந்தார்.

போட்டியன்று புதிய காலணி அணிவது, பழகாத உணவை உண்பது போன்றவை சிறிய தவறுகள். 1960 இல் உரோமாபுரியில் அபேபே பிக்கிலா, கிடைத்த காலணி காலுக்கு இசையாமையால், பயிற்சியிற் பழகியபடி வெறுங்காலுடன் ஓடி வென்றார் என்பதைக் கூறி அப்பாற் செல்லலாம்.

இலங்கையின் தமிழ்ப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டியையொட்டி மரதன் ஓட்டம் நடைபெறுவதுண்டு. தூரத்தால் அது பேருக்குத்தான் மரதன். தவறுகளோ முழு மரதனுக்குரியவை. மாணவர் முதற் சந்திவரை நூறு மீற்றர் ஓட்டக்காரரைப்போலப் பாய்வர். காய்ச்சல் விட்டு இரண்டு நாளான பையனும் இல்லத்துக்குப் புள்ளி சேரவேண்டுமென்று வரிசையில் நிற்பான். 2024 மார்ச்சில் கிழக்கு மாகாணத்தில் இத்தகைய ஓட்டமொன்றிற் பங்குகொண்ட 16 வயது மாணவனொருவன் சுகவீனமுற்று உயிர்நீத்தான். அதன் காரணத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. எனினும், பீற்றர்ஸ் போன்ற ஒருவராலேயே தம் உடலின் நிலையை அறிய முடியாதபோது, பதினாறு வயதுப் பிள்ளை தானாக அறிந்து நின்றுவிடுவான் என எதிர்பார்த்தல் தகாது. காய்ச்சலைப் பற்றி முதல்நாளே விசாரிப்பதும், வெயில் ஏறுமுன் ஓட்டத்தைத் தொடங்குவதும், நில் என்று சொல்லும் உரிமையுடைய ஒருவரை வழியில் நிறுத்துவதும் பெரியோர் கடமைகள். இன்று பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் முதலில் ஓடுபவனுக்கு முன்னாற் செல்கிறது. கடைசியாக வருபவனுக்குப் பின்னால் ஒன்றும் செல்வதில்லை.