பிடிக்கிறவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன்

1/
போன மாதம் ஓ.பி.யில் பார்த்த ஒரு முழங்காலைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அது கபடியில் போய் நிற்கிறது. கொஞ்சம் நீளமான த்ரெட். கபடி ஆடுற பசங்களும், அவங்களை ஆட அனுப்புற அப்பா அம்மாவும் கடைசி வரை படிச்சிடுங்க. நடுவில் என்னுடைய பழைய தப்பு ஒன்றும் வரும்.

2/
நான் எலும்பு மூட்டு மருத்துவர். சொந்த ஊர் ஆம்பூர் பக்கம், பாலாற்றங்கரை. ஊரில் பாதிப் பேருக்கு டேனரி வேலை, மீதிப் பேருக்கு ஷூ கம்பெனி. ஷிப்ட் முடிந்து வந்ததும் ஆத்து மணலில் காலால் கோடு கிழித்துக் கபடி ஆடுவார்கள். ஷூ தைக்கிற ஊர்தான், ஆனா ஆடினது எல்லாம் வெறுங்காலில்.

3/
வந்த பையனுக்கு 19 வயசு. கல்லூரி இரண்டாம் வருஷம், கல்லூரி டீமில் ரைட் கார்னர். கூட அவன் அம்மா. ஷூ கம்பெனியில் தையல் வேலை, அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அவங்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஒருத்தர் நின்றார். டீமுக்குப் பிடி சொல்லிக்கொடுக்கிறவர். அவரைப் பற்றி அப்புறம் சொல்றேன்.

4/
"கால் திரும்பும்போது முட்டிக்குள்ள டொப்புனு ஒரு சத்தம் சார். ராத்திரிக்குள்ள பெருசா வீங்கிடுச்சு. மூணு வாரம் ஆச்சு, இப்போ வீக்கம் இல்ல. படி இறங்கும்போது மட்டும் முட்டி கழண்டு போற மாதிரி இருக்கு. ஒரு நீ-கேப் குடுங்க போதும். பன்னெண்டு நாள்ல டோர்னமென்ட்."

5/
சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், அப்புறம் முட்டி கழல்வது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஏ.சி.எல். கிழிந்திருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகப்படுவோம். முழங்காலுக்கு உள்ளே குறுக்காக ஓடும் ஒரு தசைநார் அது. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், திடீரென்று திரும்பும்போது முட்டி பிசகாமலும் பிடித்து வைக்கும். நேராக நடப்பதற்கு அது பெரிதாகத் தேவைப்படாது. அதனால்தான் வீக்கம் வடிந்ததும் "சரியாயிடுச்சு" என்று நினைத்து விடுகிறார்கள்.

6/
"எப்படிப் புடிச்ச?" என்று கேட்டேன்.

"போனஸுக்குக் கால் நீட்டினான் சார். ஆங்கிள் ஹோல்ட் அடிச்சேன். கவர் வரல."

கவர் வரல. இதைக் கேட்டதும் எனக்கு 2002 ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால், கபடியில் பிடி எப்படி வேலை செய்யுது என்று கொஞ்சம் சொல்லிடறேன்.

7/
டி.வி.யில் பார்க்கிறவங்க கண்ணுக்குப் பாடி வர்ற ரெய்டர்தான் தெரிவார். எதிரில் ஏழு பேர் லாடம் மாதிரி வளைந்து நிற்பார்கள். இரண்டு ஓரத்திலும் பின்னால் கார்னர். அவங்களுக்குப் பக்கத்தில் இன். அதற்கும் உள்ளே கவர். நடுவில் சென்டர். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதில் ஒரு அணிக்குப் பாதி, அதாவது ஆறரை மீட்டர் ஆழம்.

8/
ரெய்டருக்கு 30 விநாடி. தொட்டாலும் சரி, பிடிபட்டாலும் சரி, அவர் திரும்பிப் போக வேண்டிய இடம் ஒன்றுதான்: நடுக்கோடு. விரல் நுனி தாண்டினால் போதும். அந்த நேரத்தில் அவரைத் தொட்டவர்கள், பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அவுட். அதனால் டிஃபென்ஸின் வேலை ரெய்டரைப் பிடிப்பதோடு முடியாது. அவர் நடுக்கோட்டுக்கு ஓடுகிற வழியை அடைக்கணும்.

9/
முதலில் ஆளை ஆழமாக உள்ளே வரவிடணும். போனஸ் கோடு நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர். அதற்காக ஒரு காலை நீட்டும்போது ரெய்டரின் எடை மொத்தமும் இன்னொரு காலில் இருக்கும். கார்னருக்கு அந்த ஒரு நொடிதான். தாழ்வாகப் பாய்ந்து, இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்து, தன் பக்கம் இழுக்கணும். சீக்கிரம் பாய்ந்தால் ரெய்டர் தாண்டிக் குதிச்சிடுவார். லேட்டானால் கால் போயிடும்.

10/
ஆனா கணுக்காலைப் பிடித்ததால் மட்டும் ரெய்டர் நிற்க மாட்டார். நல்ல உடம்புள்ள ஆள் கார்னரையும் சேர்த்து இழுத்துக்கிட்டு நடுக்கோட்டை நோக்கி விழுவார். அந்த வழியை மூடுவது கவர். குறுக்கே வந்து தடுத்தால் பிளாக். தொடையைக் கட்டினால் தை ஹோல்ட். பக்கவாட்டில் மோதி கோட்டுக்கு வெளியே தள்ளினால் டேஷ். இரண்டு பேர் கையைக் கோத்துக்கிட்டே பாய்ந்தால் செயின். கார்னர் பிடித்து அரை நொடிக்குள் இதில் ஏதோ ஒன்று நடந்தாகணும்.

11/
பக்கத்தில் நிற்கிறவங்க கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீங்க. அதுதான் அவங்க பேசிக்கிற முறை. "போகப் போறேன்" என்றால் கார்னர் கையை ஒரு அமுக்கு அமுக்குவான். கவர் அப்பவே கிளம்பணும். ரெய்டர் காதுக்கு எதுவும் போகாது.

12/
2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இது இல்லாமல்தான் நாம் திணறினோம் என்பது என் கணிப்பு. 1990 முதல் தொடர்ந்து ஏழு முறை தங்கம் வாங்கிய இந்திய ஆண்கள் அணியை ஈரான் அரையிறுதியில் 27-18 என்று தோற்கடித்தது. ஒருத்தன் பிடித்தால் அடுத்தவன் ஏற்கெனவே அங்கே இருந்தான். நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டி 2016 உலகக் கோப்பை அணியில் டிஃபெண்டராக இருந்தார். அந்த வயதில் வேகத்தை மட்டும் நம்பி ஆட முடியாது. எப்போ போகணும் என்று தெரிந்திருந்தால்தான் முடியும்.

13/
இப்போ 2002. ஆடி மாசம், அம்மன் திருவிழா டோர்னமென்ட். எனக்கு எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்து, அடுத்த வாரம் காலேஜில் சேரணும். "கை கால உடைச்சிக்காதடா" என்று அம்மா அனுப்பவே மாட்டேன்னாங்க. கடைசி மேட்ச் என்று சொல்லிவிட்டுப் போனேன். நான் ரைட் கவர். ரைட் கார்னர் என் கூட்டாளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச்.

14/
இரண்டாம் பாதியில் நாங்கள் நாலு பேர்தான் உள்ளே. இரண்டு இரண்டு பேராகக் கை கோத்து நின்றோம். வாணியம்பாடிப் பக்கத்து ரெய்டர், நல்ல வாட்டசாட்டமான ஆள். கார்னரைத் தொடக் காலை விட்டார். என் கூட்டாளி பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டான். ரெய்டர் என் பக்கம் திரும்பினார். நான் ஒரு எட்டு வைத்து மோதியிருக்கணும்.

15/
அந்த நேரத்தில் எனக்கு என் கை ஞாபகம் வந்தது. உடைந்தால் அடுத்த வாரம் எப்படிப் போய்ச் சேருவது என்று. அரை நொடிதான் நின்றேன். ரெய்டர் அவனையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். மடங்கிய அவன் கால் அடியில் மாட்டித் திரும்பியது. ரெய்டரின் கை நடுக்கோட்டைத் தாண்டியது.

நான் அவரைத் தொடவே இல்லை. அதனால் ரூல்படி நான் அவுட் இல்லை. அவன் மட்டும் அவுட்.

16/
அடுத்த வாரம் நான் கிளம்பிப் போனேன். அவன் காலுக்குக் கட்டுப் போட்டு ஒரு மாசம் வீட்டில் படுத்திருந்தான். அப்புறம் டேனரியில் சேர்ந்தான். ஈரத்தோல் எவ்வளவு கனம் என்று தூக்கினவங்களுக்குத் தெரியும். தரை எப்பவும் வழுக்கும். லீவில் போகும்போது பார்ப்பேன். நடையில் ஒரு சாய்வு இருக்கும். நான் எலும்பு மூட்டே படித்து முடித்தேன். ஒரு நாள்கூட "முட்டியைக் காட்டுடா" என்று கேட்கவில்லை.

17/
பையனுக்குப் பின்னால் தள்ளி நின்றது அவன்தான். டேனரி வேலை முடித்து, சாயங்காலம் பசங்களுக்குப் பிடி சொல்லிக்கொடுக்கிறான்.

18/
பையனைப் படுக்க வைத்துப் பார்த்தேன். முழங்காலை லேசாக மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்தால் ஒரு இடத்தில் டக்கென்று நிற்கணும். நிற்கவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஏ.சி.எல். முழுசாகக் கிழிந்திருந்தது. குஷன் மாதிரி இருக்கும் மெனிஸ்கஸில் ஒரு சின்னக் கிழிசல்.

ரிப்போர்ட்டோடு மூணு பேரும் திரும்ப வந்தார்கள். "ஒரே ஒரு மேட்ச் சார்" என்றான். "யுனிவர்சிட்டி டீம் செலக்‌ஷன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை கெடைக்கும்."

19/
அவன் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ரயில்வே, போலீஸ் என்று கபடியால் வேலைக்குப் போன வீடுகள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கு. அந்த அம்மாவின் முகத்திலும் அதே கணக்குதான் ஓடியது. ஒரு மேட்ச் ஆடவே முடியாது என்று பொய்யும் சொல்லவில்லை. "ஆடலாம். ஆனா முட்டி ஒவ்வொரு தடவை கழலும்போதும் உள்ளே இருக்கிற குஷன் நசுங்கும். அது போயிட்டா திரும்ப வராது" என்றேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். ஒத்துக்கவில்லை.

20/
அப்போதுதான் என் கூட்டாளி முன்னால் வந்து, லுங்கியைத் தூக்கி இரண்டு தொடையையும் காட்டினான். வலது தொடை இடதில் முக்கால்தான் இருந்தது. இத்தனை வருஷமாக அந்தக் காலில் பாரம் போடாமல் நடந்து தசை இளைத்திருக்கிறது.

"இதான் அந்த ஒரே ஒரு மேட்ச். பாத்துக்கோ" என்றான்.

21/
அவனையும் மேசையில் ஏற்றினேன். அதே சோதனை. அவனுக்கும் நிற்கவில்லை. எக்ஸ்ரேயில் முட்டியின் உள்பக்க இடைவெளி பாதிக்கு மேல் தேய்ந்து போயிருந்தது. வயசு 41.

"ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கல, நான் சொல்லல."

22/
பையனும் அம்மாவும் வெளியே போனதும் சொல்லிவிட்டேன். அன்னிக்கு நான் லேட்டா வந்தேன், பயந்துட்டேன் என்று. அவன் சிரித்தான்.

"நீ லேட்டுன்னு நான் என்னிக்குமே நெனைக்கல மச்சான். நான்தான் உன் கைய அமுக்காம வுட்டுட்டுப் பாஞ்சேன். தனியா புடிச்சுப் பேர் வாங்கணும்னு. இன்னா இப்போ, ரெண்டு பேரும் சேந்து கேஸ் போட்டுக்கலாமா?"

எனக்கு அந்த அரை நொடி தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அவன் கை அமுக்கியதா இல்லையா என்பதுதான் ஞாபகம் இல்லை.

23/
இப்போ எல்லாருக்கும் சில விஷயங்கள்.

ஆடும்போது முட்டியில் சத்தம் கேட்டு, அன்றைக்கே வீங்கினால் ஆட்டத்தை நிறுத்துங்க. ஐஸ் வைங்க, உருவி விடாதீங்க. வீக்கம் வடிந்தாலும் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டுங்க. நீ-கேப் கிழிந்த நாரைச் சேர்க்காது.

24/
ஏ.சி.எல். கிழிந்த எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. திரும்பக் கபடி ஆடணும், முட்டி கழலுது என்றால் பெரும்பாலும் தேவைப்படும். அதற்குப் பிறகு களத்தில் இறங்கக் குறைந்தது ஒன்பது மாசம், அதுவும் தொடைத் தசை பழைய பலத்துக்கு வந்தால்தான். அம்மாவோ அப்பாவோ ஷூ கம்பெனி, டேனரி வேலையில் இருந்தால் ஈ.எஸ்.ஐ. கார்டை எடுத்துப் பாருங்க. படிக்கிற பிள்ளைக்கு 21 வயசு வரை அதில் சிகிச்சை உண்டு.

25/
முழங்காலை விட எனக்குப் பயம் கழுத்து. டேஷ் அடிக்கும்போது தலையைக் குனிந்து உச்சந்தலையால் மோதாதீங்க. குனிந்தால் கழுத்து எலும்பு நேர்கோடாகி, மோதல் மொத்தமும் தண்டுவடத்துக்குப் போகும். அமெரிக்கக் கால்பந்திலும் ஓடி வர்றவனை மோதி நிறுத்தணும். அங்கே 1976-ல் 34 பேருக்கு இப்படிக் கழுத்தில் அடிபட்டுக் கை கால் நிரந்தரமாகச் செயலிழந்தது. அந்த வருஷமே பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையால் மோதுவதைத் தடை செய்தார்கள். 1984-ல் அது 5 ஆகக் குறைந்தது. தலை நிமிர்ந்து, கண் ரெய்டர் மேல், தோளால் மோதணும்.

26/
தலையில் அடிபட்டு மயங்கினாலோ, வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தண்ணி தெளித்துத் திரும்ப இறக்காதீங்க. நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

27/
பிடி சொல்லிக்கொடுக்கிறவங்களுக்கு: கார்னருக்குத் தனியாப் பயிற்சி கொடுக்காதீங்க. கார்னரும் கவரும் சேர்ந்தே பழகட்டும். தனியாகப் பாய்ந்து பிடித்தவனுக்கு மட்டும் கை தட்டினால், அடுத்தவனும் தனியாகத்தான் பாய்வான்.

28/
பையனுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். டோர்னமென்டுக்குப் போனான், கோட்டுக்கு வெளியே உட்காரத்தான். என் கூட்டாளி ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். புது கார்னர் தயாராகும்போதெல்லாம் ஓரத்திலிருந்து ஒரு குரல் "அமுக்குடா, அமுக்குடா" என்று கத்துகிறது. அது அவன்தான். கால் இறுதியில் தோற்றுவிட்டார்கள். என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பரவாயில்லை.

29/
என் கூட்டாளியைத்தான் இன்னும் பிசியோதெரபிக்கு வரவைக்க முடியவில்லை. ஷிப்ட் இருக்கு, பிராக்டீஸ் இருக்கு என்கிறான். ஞாயிற்றுக்கிழமை நானே போய்க் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன்.

கபடி ஆடுற பசங்க குரூப்பில் இதைப் போட்டு விடுங்க.