கேட்டறிதல் குற்றமன்று

மருத்துவரைத் தெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்துப் போற்றுவது நம்மவர் இயல்பு. அவரிடம் நம் நோயைச் சொல்வோம். அவரைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டோம். சொந்த ஊரில் இது பொருந்தும். மருத்துவர் யார் வீட்டுப் பிள்ளை, எங்கே பயின்றவர் என்பதைத் தெருவே அறிந்திருக்கும். தில்லி போன்ற பெருநகரில் நாம் காண்பதெல்லாம் வாயிற்பலகையும், பெயருக்குப் பின்னால் நிற்கும் சில எழுத்துகளுமே. ஆதலின், குடிபெயர்ந்து வாழும் நாம் இரண்டு செய்திகளைக் கேட்டறியப் பழகவேண்டும். மருத்துவர் என்ன பயின்றவர் என்பது ஒன்று. அவர் பணிபுரியும் மருத்துவமனை நம் காப்பீட்டை ஏற்குமா என்பது மற்றொன்று.

காப்பீடு தலைநகரத் தமிழர்க்குப் புதிதன்று. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிற்று. மத்திய அரசு ஊழியர்க்கான சி.ஜி.எச்.எஸ். திட்டம் 1954-இல் தில்லியில்தான் பிறந்தது. அரசுப் பணிக்காக வந்த நம் பெரியோர் பலர் அதன் மருந்தகங்களில் வரிசையில் நின்றவர்களே. தனியாரிடம் உழைத்தோர் பலருக்கு முதுமையில் அத்தகைய நிழல் இருந்ததில்லை. 2018-இல் தோன்றிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், 2024 அக்டோபரில், வருவாய் பாராமல் எழுபது வயது நிறைந்த அனைவருக்கும் விரிக்கப்பட்டது. குடும்பத்தின் முதியோர்க்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை அது ஏற்கும். தில்லி அரசு 2025 ஏப்ரலில் இத்திட்டத்தில் சேர்ந்து, தன் பங்காக மேலும் 5 லட்சம் வழங்க முன்வந்தது.

எங்கள் இல்லத்தில் இவ்விரு கேள்விகளும் ஒரே வாரத்தில் எழுந்தன. பதினைந்து ஆண்டுகளாக எங்களுடன் வாழும் அன்னையார்க்கு வயது 76. ஒரு மழைக்காலத்தில் அவர் இருமுறை மயங்கி விழுந்தார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 38 ஆகக் குறைந்திருந்தது. பேஸ்மேக்கர் பொருத்தவேண்டும் என்றார் இதய மருத்துவர். நாங்கள் தலையசைத்தோம். அன்னையாரோ, “தம்பி, நீங்கள் எத்தனை வருஷம் படித்தீர்கள்?” என்று தமிழில் கேட்டுவிட்டார். கூச்சத்துடன் இந்தியில் மொழிபெயர்த்தோம். மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. எழுதுகோலை வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினார். எம்.பி.பி.எஸ்.ஸும் பயிற்சிப் பணியும் ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு, இதயத்துக்கென்றே டி.எம். மூன்று ஆண்டு, ஆகப் பதினொன்றரை ஆண்டு. மருந்துச் சீட்டில் இருந்த தம் பதிவு எண்ணையும் தொட்டுக் காட்டினார். மருத்துவக் கவுன்சில் தந்த அந்த எண்ணைச் சீட்டிலும் ரசீதிலும் குறிக்கவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் விதி.

வீண் ஆராய்ச்சி என்று இதனை ஒதுக்குவதற்கில்லை. ஹோமியோபதி பயின்றவர் அலோபதி மருந்து கொடுக்க, நோயாளி மாண்ட மும்பை வழக்கொன்றில், அறியாத முறையில் வைத்தியம் செய்வதே கவனக்குறைவு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பணம் கட்டும் இடத்தில்தான் இடி காத்திருந்தது. மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது, ஆனால் இதயப் பிரிவு இல்லை என்றனர். இரண்டரை லட்சம் ஆகும் என்றனர். அன்னையார், “இந்த வயதில் எனக்கு எதற்கு? பேத்தியின் படிப்புப் பணத்தைத் தொடாதீர்கள்” என்று எழுந்துவிட்டார். நாங்கள் வாயடைத்து நின்றோம். பிறகு அந்த மருத்துவரிடமே திரும்பிச் சென்று, வேறெங்கேனும் இச்சிகிச்சை செய்கிறீர்களா என்று வினவினோம். வாரம் இரு நாள் வேறொரு மருத்துவமனைக்குச் செல்வதாகவும், அங்கே இதயப் பிரிவு பட்டியலில் உண்டு எனவும் சொன்னார். அங்கிருந்த ‘ஆரோக்கிய மித்ரா’ என்னும் உதவியாளர் அட்டையைச் சரிபார்த்து முன்னனுமதிக்கு அனுப்பினார். மறுநாள் அனுமதி வந்தது. அதே கைகள் பேஸ்மேக்கரைப் பொருத்தின. மூன்றாம் நாள் அன்னையார் வீடு திரும்பினார். பேத்தியின் பணம் வங்கியிலேயே இருக்கிறது.

நாங்கள் அறிந்தது இதுவே. பட்டம் மருத்துவருக்கு உரியது. ஒப்பந்தம் மருத்துவமனைக்கு உரியது. அவ்வொப்பந்தமும் பிரிவுக்குப் பிரிவு வேறுபடும். ஆதலின், ‘இந்த மருத்துவமனை திட்டத்தில் உள்ளதா?’ என்று கேட்பது போதாது. ‘இந்த நோய்க்குரிய பிரிவு உள்ளதா?’ என்று கேட்கவேண்டும். மருத்துவமனையில் தங்காமல், மருத்துவரைப் பார்த்துத் திரும்புவதற்கான கட்டணம் இதில் அடங்காது. தங்கிச் சிகிச்சை பெற்றால், முன் மூன்று நாள், பின் பதினைந்து நாள் ஆகும் செலவும் அடங்கும். சி.ஜி.எச்.எஸ். உடையோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தனியார் காப்பீடு உடையோர் இதனையும் பெறலாம். ஐயம் எழுந்தால் 14555 என்ற எண்ணில் கேட்கலாம்.

நன்கு கற்ற மருத்துவர் தம் கல்வியைப் பற்றிய வினாவுக்குச் சினங்கொள்ளார். அன்பர்கள் நோய் வருமுன் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். வீட்டுப் பெரியோர்க்கு அட்டை பெற்று, அருகில் எந்த மருத்துவமனையில் எந்தப் பிரிவு அதை ஏற்கும் என்று தாளில் எழுதி, அட்டையுடன் சேர்த்து வையுங்கள். மகனும் மருமகளும் அலுவலகத்தில் இருக்கும் வேளையில், அண்டை வீட்டார் எடுத்துப் படிக்கும்படி அது இந்தியிலும் இருக்கட்டும்.