5 ஹெச்.பி. மோட்டாரை 60 ஹெர்ட்ஸில் ஓட்டலாமா?

பெரியநாயகி மாதா கோயிலுக்குப் பேர்போன ஆவூரில் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் 5 ஹெச்.பி. த்ரீ பேஸ் மோட்டார். தகட்டில் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 2880 சுற்று என்று இருக்கிறது. கடைமடை வயல் காய்கிறது. திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கும் மகன் சொல்கிறான்: "ஒரு வி.எஃப்.டி. டிரைவ் மாட்டி 60 ஹெர்ட்ஸில் ஓட்டிடலாம்ப்பா, 20 சதவீதம் தண்ணி கூட வரும்." (வீட்டுக்கு ஒரு பிள்ளை இப்படி உண்டு!)

தண்ணீர் கூட வரும், அதில் பொய்யில்லை. ஆனால் வேகம் 1.2 மடங்கானால் பம்ப் கேட்கும் திறன் அதன் மும்மடி: 1.2 × 1.2 × 1.2 = 1.728. அதாவது 5 ஹெச்.பி. கேட்ட பம்ப் இப்போது 8.64 கேட்கும்!

மோட்டார் பக்கம் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் ஒரு ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட் கிடைத்தது. டிரைவுக்கு உள்ளே வருவதே 415 வோல்ட்தான், அதற்கு மேல் அது எங்கே போகும்? 60 ஹெர்ட்ஸில் 6.9 வோல்ட்தான் மிச்சம். காந்தப்புலம் மெலிகிறது. சூடாகாமல் தரக்கூடிய முறுக்குவிசை 83 சதவீதமாகக் குறைகிறது. பம்ப் கேட்பதோ 144 சதவீதம். கரண்ட் எகிறும், டிரைவ் டிரிப் ஆகும். "சும்மா சும்மா நிக்குதே" என்று ஓவர்லோடு செட்டிங்கை ஏற்றிவிட்டால் காயில் கருகி, மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போகும். பயிர் அதுவரை காத்திருக்குமா?

எல்லா வேலைக்கும் இந்தக் கணக்கு கிடையாது. மின்சார ரயில் கிளம்பும்போதுதான் முழு இழுவை வேண்டும். வேகம் பிடித்தபின் குறைந்த முறுக்குவிசையே போதும் என்பதால் அங்கே காந்தப்புலத்தை வேண்டுமென்றே மெலிய வைத்து ஓட்டுகிறார்கள். லேத்திலும் வேகமாகச் சுற்றும்போது மெல்லிசாகத்தான் சீவுவார்கள். பம்பும் ஃபேனும்தான் வேகம் கூடக் கூட அதிகம் கேட்கும் ஜாதி.

60 ஹெர்ட்ஸ்தான் வேண்டும் என்றால் 8.64-க்கு மேல் கடையில் கிடைக்கும் அளவு 10 ஹெச்.பி. 55 போதுமென்றால் 6.65, அதற்கு 7.5 ஹெச்.பி. சமாளிக்கும். பேரிங், சீல், இம்பெல்லர் எல்லாம் அந்த வேகத்தைத் தாங்குமா என்று கம்பெனியில் கேட்டுக்கொள்ள வேண்டும். மின்வாரியம் அனுமதித்த லோடுக்கு மேல் போவது தனிப் பஞ்சாயத்து.

பழைய மோட்டாரே போதுமா என்று பார்க்க டாங் டெஸ்டரை மாட்டி ஆம்பியர் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். 60-க்குப் போக, 50 ஹெர்ட்ஸில் பம்ப் 2.9 ஹெச்.பி.க்கு மேல் எடுக்கக் கூடாது. 3 எடுத்தாலே 5.18 ஆகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மகன் இதையெல்லாம் பேப்பரில் போட்டு முடித்து, 10 ஹெச்.பி. என்கிறான். அப்பா கேட்கிறார்: "அது சரி தம்பி, அந்த வேகத்துக்குக் கிணறு ஊறுமா?"