கோடியக்கரைக்கு ஒரு காமிரா

காமிராவை மாற்றப் போகிறேன் என்று சொன்னால், எத்தனை மெகாபிக்ஸல் என்பதே எவரும் கேட்கும் முதற் கேள்வியாய் இருக்கிறது. கானுயிர்களைப் படமெடுப்பவன் அதனை நான்காவதாகக் கேட்டாற் போதும். அவனுக்கு முதலில் தூரம், அடுத்து வெளிச்சம், அறுபதைக் கடந்த என் போன்றோர்க்குத் தோள் தாங்கும் சுமையும் ஒரு கேள்விதான்.

நான் படமெடுப்பது பெரும்பாலும் கோடியக்கரையில். 1967-ஆம் ஆண்டு சரணாலயமாக்கப்பட்ட அவ்விடத்துப் புல்வெளியில் வெளிமான்கள் மேயும். மாரிக்காலத்தில் சதுப்புநிலத்தில் பூநாரைகள் இறங்கும். இரண்டுமே மனிதனை நெருங்க விடுவதில்லை. சுபுஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டால் கிடைக்கும் முதல் ஒரு மணி நேர மென்னொளியே படத்துக்கு உகந்தது. வெயில் ஏறிய பின் தரையிலிருந்து கிளம்பும் கானல், எத்துணை விலையுயர்ந்த லென்ஸையும் பயனற்றதாக்கி விடும்.

என் கையிலிருப்பது 2010-இல் வெளிவந்த நிக்கான் டி7000. அதனோடு 200-500 மி.மீ. லென்ஸ். லென்ஸில் யாதொரு குறையுமில்லை. காமிராதான் முதுமை எய்திவிட்டது. மங்கிய ஒளியில் ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தினால், கலைமானின் கரிய முதுகில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் தெரிகின்றன. பறக்கும் பறவையைக் குவியம் பற்றிக் கொள்ளுமுன் அது சட்டத்தைக் கடந்து விடுகிறது.

"வாப்பா, ஃபுல் ஃபிரேம் காமிராவே வாங்கி அனுப்புறேன், இனியும் சின்ன சென்ஸார் எதுக்கு?" என்றான் ஷார்ஜாவிலிருக்கும் என் மகன். அவன் பாசம் பேசியது, கணக்குப் பேசவில்லை. கணக்கை நான் சொன்னேன். நிக்கானின் சிறிய சென்ஸாரில் 500 மி.மீ. லென்ஸ், 750 மி.மீ. லென்ஸின் பார்வையைத் தருகிறது. பெரிய சென்ஸாரைக் கொண்டு அதே மானை அதே தொலைவிலிருந்து எடுத்தால், நடுப்பகுதியை வெட்டியெடுக்க வேண்டும். மிஞ்சுவது பரப்பில் 2.25-இல் ஒரு பங்கே. 24 மெகாபிக்ஸல் 11-க்கும் கீழே இறங்கிவிடும். பலரும் புகழும் அந்த ஒளி ஆதாயமும் அத்துடன் கரைந்து போகும். ஒரே லென்ஸின் வழியே மானின் உருவத்தில் வந்து விழும் ஒளி, சென்ஸார் சிறிதாயினும் பெரிதாயினும் ஒன்றுதானே!

45 மெகாபிக்ஸல் கொண்ட இசட்8 (2023) இக்குறையைத் தீர்க்கும். வெட்டிய பின்னும் ஏறத்தாழ 19 மிஞ்சும். ஆயினும் அதன் விலையைக் கேட்டதும் ஊரில் அவன் கட்டத் தொடங்கி இன்னும் கூரை காணாத வீடு என் கண்முன் வந்தது. பிள்ளை வெயிலில் உழைத்த காசு மானுக்குப் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

பழையதாய்க் கிடைக்கும் டி500-ஐயும் (2016) எண்ணிப் பார்த்தேன். நொடிக்குப் பத்துப் படம், 153 குவியப் புள்ளிகள், உறுதியான கருவி. ஆனால் கண்ணாடி எழுந்து விழும் ஓசைக்கு மான்கள் தலை நிமிர்த்தும். எடையும் 860 கிராம். லென்ஸே 2.3 கிலோ இருக்கையில் நூறு கிராமும் எனக்குப் பெரிது.

நம் மா. கிருஷ்ணனை (1912-1996) இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை. வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒரு காமிராவை அமைத்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டார். அதைக் கொண்டு அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்த யானைப் படங்களைப் பார்த்தவர்கள், கடைக்காரரின் விளம்பரத் தாளைச் சற்றுத் தள்ளி வைத்தே படிப்பார்கள்.

முடிவில் நான் தேர்ந்தது, 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட இசட்50-2. அதே சிறிய சென்ஸார். எடை 550 கிராம். பறவையைத் தானே இனங்கண்டு கண்ணைப் பற்றிக் கொள்கிறது. எஃப்.டி.இசட். அடாப்டர் பூட்டினால் என் பழைய லென்ஸே அதிலும் இயங்கும். குறைகளும் உண்டு. ஓசையின்றி எடுக்கும் எலக்ட்ரானிக் ஷட்டரில் விரைந்தசையும் சிறகு வளைந்து தோன்றும். ஆகவே அதை மேயும் மானுக்கு வைத்துக்கொண்டு, பறவைக்கு மெக்கானிக்கல் ஷட்டரையே நாட வேண்டும். நடுக்கம் தடுக்கும் அமைப்பு காமிராவினுள் இல்லை. என் லென்ஸிலேயே அது இருப்பதால் நான் வருந்தவில்லை.

மகன் இரண்டு நாள் வாதாடினான், பிறகு இணங்கினான். பேட்டரி சிறியதாகையால் உபரியாக இரண்டும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மீதிப் பணத்துக்குக் கம்பியும் சிமெண்டும் விலை விசாரித்தாயிற்று.