பெயரைத் தேடிப் பேராதனைக்கு

கண்டியிற் புகையிரதம் ஏறிச் சிறிது நேரத்திற் ‘சரசவி உயன’ என்னும் சிறு நிலையத்தில் இறங்கினோம். சரசுவதியின் பூங்கா என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். பெயர் பொய்யன்று. ஹந்தானை மலை ஒருபுறம் முகிலைப் போர்த்துக்கொண்டு நிற்க, மகாவலி கங்கை மறுபுறம் வளைந்தோட, இடையே பெருமரங்களின் நிழலிற் பேராதனைப் பல்கலைக்கழகம் பரந்து கிடக்கின்றது. இவ்வழகைக் காணவென்றே வருவோர் பலர். நாமோ அன்று ஒரு பெயரைத் தேடிச் சென்றோம்.

நம் நண்பர் ஒருவரின் மகள் அங்கே வரலாறு பயில்கின்றாள்; மலைநாட்டுத் தோட்டக் குடும்பத்துப் பிள்ளை. இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரைக்குக் கோப்பிக் காலத்துத் தொழிலாளரின் வருகையைப் பொருளாக எடுத்திருந்தாள். தூண்டுகோலாயிருந்தவர் அவளுடைய அம்மாயி. எண்பத்தெட்டு வயதான அம்மூதாட்டி, தம் பாட்டனாருக்குப் பாட்டனாரானவர் முதன்முதலாக வேலைக்கு நின்ற தோட்டத்தின் பெயரை இன்றுவரை மறவாது வைத்திருக்கின்றார். அத்தோட்டம் எங்கேயுள்ளது என்பதைத்தான் குடும்பத்தில் எவரும் அறியார். கண் மூடுமுன் அவ்விடத்தை ஒருமுறை மிதித்துவிட வேண்டுமென்பது அவருடைய ஆசை. “கட்டுரையைப் பிந்திக் கொடுத்தாலும் கொடுக்கலாம் மாமா, அம்மாயி விசயத்திலே பிந்த முடியாதே” என்று அப்பெண் சொன்னபோது, உடன் செல்லாதிருக்க நம்மால் இயலவில்லை.

நூல்நிலையத்துக்குள் நுழையுமுன் அதன் பிறப்பைச் சிறிது கூறிவிடலாம். 1921ஆம் ஆண்டிற் கொழும்பில் ஏற்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியே அதன் பிறந்தகம். 1942இல் அக்கல்லூரி இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. 1952இல் அப்பல்கலைக்கழகம் பேராதனைக்குக் குடிபெயர்ந்தபோது நூல்களும் மலையேறின. ஏட்டுச் சுவடிகள், அரசாங்க அறிக்கைகள், பழைய செய்தித்தாள்கள் என்று சேர்ந்தவை கொஞ்சமல்ல. இத்தனையும் ஒரு கூரையின் கீழ் இருப்பதே புதிதாக வருவோரைத் திகைக்கச் செய்வது. கடலிலே மீன் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். வலையை எங்கே வீசுவது என்பதல்லவா கேள்வி!

அப்பெண் முதலிற் கணினிப் பட்டியலின் முன் அமர்ந்தாள். தோட்டத் தொழிலாளர் என்ற சொல்லையும் ஶ்ரீ லங்கா என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் இட்டுத் தேடினாள். வந்தவை சில, அவையும் அண்மைக் காலத்து நூல்கள். முகம் வாடிவிட்டது. அருகிலிருந்த நூல்நிலைய அம்மையார் ஒருவர் அதைக் கண்டு எழுந்து வந்தார். நாட்டின் பெயர் மாறியது எப்போது என்று மாத்திரம் கேட்டார். 1972 என்றாள் இவள். “அப்படியானால் அதற்கு முந்திய புத்தகங்கள் எந்தப் பெயரில் இருக்கும்?” என்றார் அவர்.

‘சிலோன்’ என்று இட்டதும் கதவு திறந்தது. ஆயினும் பாதிதான் திறந்தது. ஏனெனில், அக்காலத்து ஆங்கில எழுத்தாளர்கள் தொழிலாளரைத் தொழிலாளர் என்று எழுதவில்லை. ‘கூலி’ என்று எழுதினார்கள். ‘மலபார்’ என்றும் எழுதினார்கள். நூல்களுக்குப் பொருட்டலைப்பு இட்ட அமெரிக்க நூலகர்களோ ‘கிழக்கிந்தியர்’ என்றொரு தலைப்பின் கீழ் இவர்களைச் சேர்த்துவிட்டார்கள். நம்மவர் கடனில் மூழ்கக் காரணமாயிருந்த துண்டு முறை கூட, 1921இல் ஒழிக்கப்படும் வரை, ‘துண்டு’ என்ற தமிழ்ச் சொல்லாகவே ஆங்கில அறிக்கைகளில் உலவியது. நாம் நம்மை அழைக்கும் பெயரால் நம்மைத் தேடினால் அங்கே நாம் அகப்படுவதில்லை. பிறர் நமக்கு இட்ட பெயரால் தேட வேண்டியிருக்கின்றது. ‘கூலி’ என்ற சொல்லைக் கணினியில் எழுதும்போது அப்பெண்ணின் விரல் சற்றே தயங்கியதை நாம் கவனித்தோம்.

பிறகு தட்டுகளிடையே நடந்தோம். டூயி என்னும் அமெரிக்கர் 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறைப்படி நூல்கள் எண்ணிட்டு அடுக்கப்படுவதை மாணவர் அறிவர். ஆனால் ஒரே மனிதனின் வாழ்வு அந்த எண்களுக்கிடையே எப்படிச் சிதறிக் கிடக்கின்றதென்பதை அன்றுதான் நாம் கண்டோம். கூலி வாங்கும் தொழிலாளியாக அவன் 331இல் இருக்கின்றான். கடல் கடந்து குடியேறியவனாக 325இல் இருக்கின்றான். அவன் நட்ட கோப்பிச் செடி 633.73இலும், அவன் வாழ்ந்த நாட்டின் வரலாறு 954.93இலும் உள்ளன. ஒரு தட்டை மாத்திரம் பார்த்துவிட்டுத் திரும்புபவர் அவனுடைய கையையோ காலையோ பார்த்தவராவார்.

அம்மையார் மற்றொரு வழியும் காட்டினார். பேராதனையில் நூலகராக விளங்கிய எச். ஏ. ஐ. குணத்திலக்க தொகுத்த இலங்கை நூற்பட்டியல் 1970 முதல் 1983 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. நூல்களோடு பத்திரிகைகளிற் புதைந்து கிடந்த கட்டுரைகளையும் அது பொருள்வாரியாகச் சுட்டுகின்றது. கணினி கேட்டதற்கு மாத்திரம் விடை சொல்லும். இத்தகைய பட்டியலோ கேட்கத் தெரியாததையும் அருகிலே வைத்துக் காட்டும். ஒரு மனிதரின் பொறுமை இத்தனை பேருக்கு வழித்துணையாகின்றதே என்று வியந்தோம்.

இரவல் பெறுதலில் நமக்கு இடமில்லை; நாம் வெளியார். கடிதம் காட்டி உள்ளிருந்து வாசிக்கலாம், அவ்வளவே. மாணவியாகிய அவள் இரண்டு நூல்களை இரவல் வழங்கும் பகுதியிற் பதிந்துகொண்டாள். ஒன்று, டொனோவன் மோல்ட்ரிச் 1989இற் கோப்பித் தொழிலாளரைப் பற்றி எழுதியது. மற்றது, வாண்டன் டிரீசன் எழுதி 1997இல் வெளிவந்த ‘நெடுநடை’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, பசியாலும் வாந்திபேதியாலும் வழியெல்லாம் விழுந்தவர் போக எஞ்சியோர் மலையேறிய கதை அது.

உசாத்துணை நூல்கள் வெளியே செல்லா. இதனைக் குறை கூறும் மாணவர் உண்டு. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அவற்றுட் சில வேறெங்கும் பிரதியில்லாதவை. அதை அறிந்தவர்கள், கையிலே பென்சிலோடு மேசையருகே அமர்ந்து பார்த்தெழுதுவதைச் சிரமமென்று எண்ணமாட்டார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம முயற்சி ஈழத்து நூல்களைப் படம்பிடித்து எவரும் வாசிக்க வைத்து வருகின்றமையும் அந்த இழப்பை மனத்திற் கொண்டு பார்க்கும்போதே அருமை தெரியும்.

நாம் தேடிய பெயர் இரவல் கிடைக்காத நூலொன்றில் இருந்தது. சிலோன் ஒப்சேவர் பத்திரிகையை நடத்திய பேர்கசன் குடும்பத்தார் கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே தொடங்கி வெளியிட்டுவந்த இலங்கைக் கைநூல் அது. தலையணைப் பருமன். தோட்டத்தின் பெயர், உடைமையாளர், துரை, ஏக்கர்க் கணக்கு யாவும் அதில் உண்டு. துரைமார் ஸ்கொத்லாந்திலிருந்து கொண்டுவந்த ஊர்ப் பெயர்களை நம்மவர் நா ஏற்கவில்லை. ஓடையைக் கொண்டும் மரத்தைக் கொண்டும் முதல் துரையின் பெயரைச் சிதைத்தும் தாமே வேறு பெயரிட்டு வழங்கினர். கைநூலிலே இப்பெயர்களுக்கும் ஒரு நிரல் உண்டு. ஆனால் ஐயோ, ஆங்கில எழுத்திலே தமிழ் படும் பாடு! ழகரமும் ளகரமும் ஒன்றாகி, தோட்டம் ‘டோட்டமா’கிக் கிடந்தது. கண்ணால் வாசித்து ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அப்பெண் நிரலின் மேல் விரல் வைத்து, அயலார்க்குக் கேளாதவாறு முணுமுணுத்து வாசிக்கலானாள். முக்கால் மணி நேரம் சென்றிருக்கும். முணுமுணுப்பு நின்றது. நிமிர்ந்து பார்த்தோம், விரல் ஓரிடத்தில் நின்றது. மீண்டும் ஒருமுறை உச்சரித்தாள். அம்மாயியின் வாயிற் பிறந்த அதே ஒலி.

ஆயினும் மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. அதே தமிழ்ப் பெயர் இரண்டு தோட்டங்களுக்கு இருந்தது. ஒன்று மாத்தளைப் பக்கம். மற்றது அதற்கு வெகு தொலைவில். எதனைக் கொள்வது? வெளியே வந்து, மரத்தடியில் நின்று தொலைபேசியில் அம்மாயியை அழைத்தாள். நூல்நிலையம் என்றால் என்னவென்று அவருக்கு விளக்கவே சிறிது நேரமாயிற்று. பிறகு அவர் கூறியது நமக்கும் கேட்டது: “ஆத்தத் தாண்டித்தான் மாரியம்மன் கோயிலு, மழைக்காலத்துல திருவிழாவுக்குப் போக முடியாதுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு.”

மறுபடியும் உள்ளே சென்று, நில அளவைத் திணைக்களத்தார் மைலுக்கு ஓரங்குலமாக வரைந்த பழைய படங்களைக் கேட்டு வாங்கினோம். தொலைவிலிருந்த தோட்டம் மலைமுகட்டில் இருந்தது, அருகே ஆறில்லை. மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தின் நடுவே நீல மையிற் கோடொன்று வளைந்து சென்றது. அதற்கு அப்பால், கோயிலைக் குறிக்கும் சிறு அடையாளம். மாரியம்மன் என்று படம் எப்படிச் சொல்லும்? இருந்தும் அப்பெண் கன்னத்திற் போட்டுக்கொண்டாள்.

படத்தை அவள் தன் குறிப்புப் புத்தகத்தில் வரைந்து முடிக்கையில் நூல்நிலையத்தார் யன்னல்களைச் சாத்தத் தொடங்கிவிட்டனர். நிலையத்தை நோக்கி நடக்கும்போது, இரவல் பெற்ற நூலைத் திறந்து அதிற் குத்தியிருந்த திகதியைப் பார்த்தாள். அந்நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அம்மாயியை மோட்டார் வண்டியில் அழைத்துச் செல்வதென்று முடிவாயிற்று. புத்தகத்தையும் கூடவே கொண்டு போவதாகச் சொன்னாள். ஆறு பெருகியிராவிட்டால் கோயில் வாசலில் அமர்ந்து அம்மாயிக்குச் சில பக்கங்களைத் தமிழில் வாசித்துக் காட்டவேண்டுமாம்.